மூன்று மாதம் தாங்காது

ஜூன் 4, செவ்வாய்
விடுதி அறை 412

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். நலம் அறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. உன் வாய்வுத் தொல்லையில் ஆரம்பித்து நீ வாங்கிய புதுச் செருப்பு வரை நேற்றே தங்கச்சி போனில் ஒப்பித்துவிட்டாள்.

விமானப் பயிற்சிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்புறம் என் தங்கச்சியைக் கட்டி எனக்கு உறவாகவும் ஆனாய். உங்கள் கம்பெனி ஆட்களும் எங்கள் கம்பெனி ஆட்களும் தங்குவது இதே விடுதியில்தான். ஆனால் நான் செவ்வாய், நீ வெள்ளி. பார்த்து நாலு வார்த்தை பேச வாய்க்கவில்லை. அதனால் இதை வரவேற்பறைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீயும் பதிலை அவளிடமே கொடு. போனில் எதையும் தட்டிவிடாதே. கம்பெனிகள் இணைவதைப் பற்றி வெளியில் வாய் திறந்தால் வேலை போகும் என்று எங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது, உங்களுக்கும் வந்திருக்கும். போனில் தட்டினால் பத்து பேர் பார்ப்பார்கள். காகிதம் என்றால் நீ ஒருவன்தான் படிப்பாய்.

இங்கே வதந்திக்குக் குறைவில்லை. உங்கள் கம்பெனி எங்களை வாங்கப் போகிறது என்று ஒரு கட்சி, வேறு யாரோ வாங்குகிறார்கள் என்று ஒரு கட்சி. நான் மேலதிகாரிகள் பேச்சை நம்புவதில்லை. பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவரைக் கேட்டேன். விமானத்தின் வாலுக்கு அடிக்கிற எங்கள் நீலச் சாயத்தை இனி வாங்க வேண்டாம் என்று உத்தரவு வந்துவிட்டதாம். அப்படியென்றால் எங்கள் பெயரே போகப் போகிறது என்றுதானே அர்த்தம்?

எரிபொருள் விலை ஏறியதும் இவர்கள் பண்ணுகிற கூத்தையும் கேள். புறப்படும்போது கணக்குக்கு மேல் யார் எவ்வளவு எரிபொருள் கேட்டு வாங்குகிறார்கள் என்று கேப்டன்கள் எல்லோரையும் வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். நான் மேலிருந்து மூன்றாவது. வழியில் மேகம் கறுத்துக் கிடக்கிறதே என்று நானூறு கிலோ சேர்த்துக் கேட்டால், மறுநாள் எனக்கு நேராகச் சிவப்புப் புள்ளி. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இவ்வளவு அவமானம் நடந்ததில்லை.

போன வாரம் என் மகள் கேட்டாள், "அப்பா, நீங்க எப்பப் பாத்தாலும் நம்பர் நம்பர்ங்கறீங்களே, உங்க நம்பர் என்ன?"

"பதினேழு."

"அது என்ன, ரேங்க்கா?"

"வேலைக்குச் சேந்த தேதிப்படி வரிசை. எந்த விமானம், எந்த சீட், எப்ப லீவு, எல்லாம் அந்த நம்பரை வெச்சுத்தான். மேல ஒருத்தர் ரிட்டையர் ஆனா நான் ஒரு படி ஏறுவேன்."

"கீழ இறக்கிவிட மாட்டாங்களா?"

மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். இணைப்பு வந்தால் இரண்டு கம்பெனிகளின் வரிசைப் பட்டியலையும் ஒன்றாக்குவார்கள். சேர்ந்த தேதியைப் பார்த்துக் கோத்தால் நான் பிழைத்தேன். வேறு மாதிரி செய்தால் ஒன்பது வருஷம் கேப்டனாக இருந்த இடது சீட்டைவிட்டு, நாற்பத்தாறு வயதில் வலது சீட்டுக்கு, துணை விமானியாகப் போக வேண்டும். உன் காதில் விழுந்ததை எழுது.

உன்
மச்சான்


ஜூன் 14, வெள்ளி
விடுதி அறை 307

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. வரவேற்பறைப் பெண் ஏதோ காதல் கடிதம் கொடுக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே கொடுத்தாள். இந்த வயதில் எனக்கு இது வேறு.

உன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நீ இடது சீட்டைவிட்டு இறங்கணுமே என்று கவலைப்படுகிறாய். நான் அதில் இன்னும் ஏறவே இல்லை. பதினைந்து வருஷமாக வலது பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறேன். எனக்கு முன்னால் இன்னும் பதினொரு பேர். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் நிறுத்திக் கேட்கிறார், "இன்னும் அசிஸ்டென்ட்டாதான் இருக்கீங்களா சார்?" என்ன சொல்ல? ஆமாம் சார் என்றேன்.

சம்பளமும் மூன்று வருஷமாக அப்படியே நிற்கிறது. கேட்டால் எரிபொருள் விலை என்கிறார்கள். விலை ஏறினால் நம் அடிமடியில் கை வைக்கிறார்கள். இறங்கினால் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். கைதட்டினார்கள், அதோடு சரி.

உங்கள் கம்பெனியைப் பற்றி இங்கே பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். எரிபொருள்காரர்கள் உங்களுக்குக் கடன் தருவதை நிறுத்திவிட்டார்களாமே, உண்மையா? எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள் என்று நினைக்கிறாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். கண்ணால் பார்த்தது எதுவாக இருந்தாலும் தேதியோடு விவரமாக எழுது. என்னிடம் உனக்கென்ன ஒளிவு மறைவு?

உன் தங்கை நலம். நீ இளைத்துவிட்டாய் என்று யாரோ சொன்னார்களாம், புலம்புகிறாள்.

அன்புடன்
உன் மாப்பிள்ளை


ஜூன் 18, செவ்வாய்
விடுதி அறை 415

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ கேட்டாய், சொல்கிறேன். இதை எங்கள் ஆட்களில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள்.

ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிறு. மதியம் பன்னிரண்டு மணி வெயில். நூற்று நாற்பது பேர் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டாயிற்று. எரிபொருள் லாரி வந்து நிற்கிறது, ஆனால் குழாயை மாட்டவில்லை. இறங்கிப் போய்க் கேட்டேன். லாரிக்காரர் நல்ல மனுஷன், கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க கம்பெனின்னா பணம் வந்தப்பறம்தான் ஊத்தணும்னு சொல்லியிருக்காங்க."

ஆபீசுக்குப் போன் போட்டால் ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கவில்லை. உள்ளே குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? என் சொந்த கார்டை எடுத்து நீட்டினேன். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி விமானத்துக்குப் போட்டேன். சிரிக்காதே. அன்றைக்கு ஒரு கிலோகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். என் மனைவிக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.

எத்தனை நாள் என்று கேட்டாயே. என்னைக் கேட்டால் மூன்று மாதம் தாங்காது. எங்கள் விமானங்கள் எல்லாம் பழசு, எரிபொருளைக் குடித்துத் தள்ளுகின்றன. யாராவது வந்து வாங்காவிட்டால் நாங்கள் அத்தனை பேரும் தெருவில்தான் நிற்போம். அப்போது எனக்கு எந்த சீட் என்ற கேள்வியே இருக்காது, வாடகைக் கார் ஓட்டப் போக வேண்டியதுதான். அதற்கும் கேப்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன்.

எழுதியதும் கொஞ்சம் பாரம் இறங்கினாற்போல இருக்கிறது. நீ ஒருத்தன் இல்லாவிட்டால் இதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன்
மச்சான்


ஜூலை 5, வெள்ளி
விடுதி அறை 310

அன்பு மச்சான்,

செய்தி வந்துவிட்டது, பார்த்திருப்பாய். நாங்கள்தான் உங்களை வாங்குகிறோம். கூட்டத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். என் பங்கைப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு பட்டியலையும் எப்படிச் சேர்ப்பது என்று பேச எங்கள் சங்கத்தில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். நாலு வரி தப்பில்லாமல் எழுதுவேன் என்பதால் என்னையும் அதில் ஒரு நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். நான் தாள் எடுத்துக் கொடுக்கிறவன், அவ்வளவுதான். பேசுகிறவர்கள் வேறு ஆட்கள். இரண்டு தரப்புக்கும் ஒத்துவராவிட்டால் ஒரு நடுவர் முன்னால் போகும். அதனால் இனிமேல் பட்டியலைப் பற்றி நாம் எழுதிக்கொள்ளாமல் இருப்பது உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

இன்னொன்று. உன் கார்டில் எரிபொருள் போட்டாயே, அந்த ரசீதை வைத்திருக்கிறாயா? ஒரு நகல் அனுப்பு. எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவரைத் தெரியும், அந்தப் பணத்தை உனக்குத் திரும்ப வாங்கித் தர முடியுமா என்று பார்க்கிறேன். சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்
உன் மாப்பிள்ளை


ஜூலை 16, செவ்வாய்
விடுதி அறை 402

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ரசீதின் நகல் இதோடு இருக்கிறது. பணத்தை நான் எப்போதோ மறந்துவிட்டேன், நீ நினைவு வைத்திருக்கிறாய் பார். எங்கள் கம்பெனியில் இதை மூன்று மேஜைக்குக் கொண்டுபோனேன், மூன்று பேரும் காதில் பூச் சுற்றினார்கள்.

பட்டியலைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். சேர்ந்த தேதிப்படி கோத்தால் எங்களில் பாதிப் பேர் உங்கள் ஆட்கள் பலருக்கு மேலே வருவோம், அது உங்களுக்குக் கசக்கும், தெரியும். நானே உனக்கு ஒரு மாதம் முந்தினவன். நீ இன்னும் சில வருஷம் காத்திருக்க வேண்டி வரும். அதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிற சீட்டைப் பிடுங்குவதும், வர வேண்டிய சீட் தள்ளிப் போவதும் ஒன்றில்லையே. நீ தாள் எடுத்துக் கொடுக்கிறவனாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர் காதில் இதைப் போட்டு வை.

எங்கள் ஆட்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் பேய் அறைந்த மாதிரி திரிகிறார்கள். ஓய்வறையில் நான் சொன்னேன், "அந்தக் குழுவுல என் மாப்பிள்ளை இருக்காரு. நமக்கு அநியாயம் நடக்க விடமாட்டாரு." ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போன வருஷம்தான் கேப்டன் ஆனவர், வீட்டுக்கடன் கழுத்தைப் பிடிக்கிறது அவருக்கு. உன்னை நம்பித்தான் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தங்கச்சியை ஒரு வாரம் இங்கே அனுப்பி வை. என் மகள் அத்தை அத்தை என்று உயிரை எடுக்கிறாள்.

உன்
மச்சான்


ஆகஸ்ட் 13, செவ்வாய்
விடுதி அறை 412

மாப்பிள்ளை,

நேற்று நடுவர் முன்னால் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நான் உனக்கு ஆறு வரிசை பின்னால். நாலு மணி நேரம் உன் பின்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

உங்கள் வக்கீல் எழுந்து, "எதிர்த்தரப்பு விமானி ஒருவர் தம் கைப்பட எழுதியது" என்றார். திரையில் என் கையெழுத்து வந்தது. அறை எண்ணையும் முதல் வரியையும் கறுப்பு மையால் அடித்திருந்தீர்கள், ரொம்ப உபகாரம். மூன்று மாதம் தாங்காது என்ற வரி அரையடி உயரத்தில் நின்றது. அடுத்தது அந்த ரசீது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ அதைக் கேட்டு வாங்கியது கணக்குப் பிரிவுக்கு அல்ல என்று.

கம்பெனியை வாங்கியிருக்காவிட்டால் வேலையே இல்லாமல் போயிருப்பவர்களுக்கு இழப்பதற்கு என்ன இருக்கிறது, அவர்களை உங்கள் பட்டியலுக்கு அடியில் ஒட்டினாலே பெரிய காரியம் என்றார் உங்கள் வக்கீல். நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். வாடகைக் கார் வரி வந்ததும் உங்கள் பக்கத்தில் சிரித்தார்கள். அது உனக்காக எழுதின வேடிக்கை. வேறு யாரும் சிரிப்பதற்கு எழுதினதில்லை.

எங்கள் பட்டியலில் முதல் எண்காரர் மெதுவாகக் கேட்டார், "இதை எழுதினது நம்ம ஆளா? யாருய்யா அது?"

எழுந்து நின்றேன். "நான்தான் சார்."

அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. "உக்காருங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. தேநீர் இடைவேளையில் நான் நின்ற இடத்தைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு மனுஷன் இல்லை. உன்னை நம்பி நான் வாக்குக் கொடுத்தேனே, அவர் மட்டும் பக்கத்தில் வந்து, "ஏன் சார் எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் தலையில் நான் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். அள்ளிக் கொடுத்தது நான், போட்டது நீ. உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தேதியோடு விவரமாக எழுது என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்கே இது உன் மனசில் இருந்ததா? ஜூன் பதினான்கிலேயே இருந்ததா, இல்லை அப்புறம் வந்ததா? அதை மட்டும் சொல். ஆத்திரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் படித்துக்கொள். இதையும் திரையில் போடுவதென்றால் போடு.

மச்சான்


செப்டம்பர் 20, வெள்ளி
விடுதி அறை 307

அன்பு மச்சான்,

ஐந்து வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பட்டியல் வந்துவிட்டது. உங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் எங்களுக்குக் கீழே. உன் எண்ணை நான் எழுத விரும்பவில்லை, நீ பார்த்திருப்பாய். உங்கள் கேப்டன்கள் இறங்குகிற இடது சீட்களில் ஒன்று நவம்பரில் எனக்கு.

நீ கேட்டதற்குப் பதில். குழுவில் யாரோ எடுத்துவிட்டார்கள், என்னை வற்புறுத்தினார்கள் என்றெல்லாம் முதலில் எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன். நான்தான் கொடுத்தேன். ஜூன் பதினான்கில் நான் குழுவில் இல்லை. ஆனால் குழு வரும் என்று தெரியும். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

என் பக்கத்தையும் கொஞ்சம் பார். ஒன்பது வருஷமாகக் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "கேப்டன் வந்துட்டாரு" என்று உனக்கு நாற்காலி இழுத்துப் போடுவார்கள். என்னைக் காட்டி, "அவரும் பைலட்தான்" என்பார்கள். உங்கள் ஆட்கள் எனக்கு முன்னால் நுழைந்திருந்தால் நான் வலது சீட்டிலேயே ரிட்டையர் ஆகியிருப்பேன். நீ பெரிய மனசோடு சங்கடமாக இருக்கிறது என்று எழுதினாய். எழுதிவிட்டு அடுத்த வரியில் எனக்கு நியாயம் சொன்னாய். ஒன்று மட்டும் கேட்கிறேன் மச்சான், நீ எழுதியதில் ஒரு வரியாவது பொய்யா?

உன் தங்கை என்னோடு பேசி ஒரு மாதம் ஆகிறது. தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். போன வாரம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள், "எங்க அண்ணன் கையெழுத்துன்னு தெரிஞ்சும் குடுத்தீங்களே."

நடந்ததை மாற்ற முடியாது. என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். முகம் தெரியாத கேப்டன்களுக்குப் பக்கத்தில் நீ துணை விமானியாக உட்காருவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால் நவம்பரிலிருந்து உன்னை என்னோடேயே போடச் சொல்லி, யார் யாரோடு பறப்பது என்று முடிவு செய்கிற ரோஸ்டர் பிரிவில் பேசிவிட்டேன். விமானத்தை இறக்குவது பாதி உனக்கு, பாதி எனக்கு. எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று நீ சொல், நான் கையெழுத்துப் போடுகிறேன். வெளியில்தான் நான் கேப்டன், உள்ளே பழையபடி நாம் இருவரும்தான். இதையாவது மறுக்காதே.

அன்புடன்
உன் மாப்பிள்ளை


செப்டம்பர் 24, செவ்வாய்
விடுதி அறை 409

மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் எழுதியதில் ஒரு வரியும் பொய் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

வலது சீட்டுக்கான பயிற்சி முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் வலது கையால் செய்த வேலையை இடது கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், வேறொன்றும் பெரிதில்லை. முதல் இரண்டு நாள் கை தப்பான பக்கம் போனது. என்னைவிடப் பத்து வயது சின்னவரான பயிற்சியாளர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முகம் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். என் மகளிடமும் சொல்லிவிட்டேன், கீழேயும் இறக்குவார்கள் என்று. அவள் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

தங்கச்சி எப்போது வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். அவளைக் கொண்டுவந்து விடுவதற்கும் கூட்டிப்போவதற்கும் தாங்கள் வர வேண்டாம். நானே ரயில் நிலையத்துக்குப் போய் அழைத்துக்கொள்கிறேன்.

தாங்கள் ரோஸ்டர் பிரிவில் பேசியதாக எழுதியிருந்தீர்கள். அதனால் இன்று காலை நானும் அங்கே போய் வந்தேன். துணை விமானிகளுக்கென்று தங்கள் கம்பெனியில் ஒரு படிவம் இருப்பதாகச் சொன்னார்கள். எந்தக் கேப்டனோடு பறக்க விருப்பமில்லையோ, அவர் பெயரை அதில் எழுதிக் கொடுத்தால் அவரோடு நம்மைப் போட மாட்டார்களாம். மூன்று பேர் வரை எழுதலாம். நான் ஒரு பெயர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நவம்பரில்தானே அவர் கேப்டன் ஆகிறார் என்று அங்கிருந்த அம்மா கேட்டார். முன்கூட்டியே பதிந்துகொள்ளச் சொன்னேன்.

காரணம் என்ன என்று அந்த அம்மா கேட்கவில்லை. காரணம் எழுதத் தேவையில்லை என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது.

இப்படிக்கு
துணை விமானி